என்னிடம் கேட்ட கேள்விக்கு நீ சொன்ன பதில்

மகனே,

அந்த அதிகாரி கேள்வி கேட்டது என்னிடம். பதில் சொன்னது நீ. எனக்கும் உன் தங்கைக்கும் நீ செய்த அநியாயம் இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது; தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். கண்டியில் இந்தியப் பாஸ்போட்டுக்குப் பதிகிற அந்த அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அம்மா, இந்தியாவுக்குப் போக உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். நல்ல மனிதர். குரலில் அவசரம் இல்லை. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "சம்மதந்தான் சார். எல்லாரும் ஒண்ணாத்தான் போறோம். அவங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றாய். அவர் உன் தங்கை பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். பாக்கியம் உன் முகத்தைப் பார்த்தாள். நீ தலையை ஆட்டினாய். அவளும் ஆட்டினாள். அத்தோடு எங்கள் இருவர் வாழ்க்கையும் பேசி முடிக்கப்பட்டது.

பிறந்த நாள் முதல் இந்த வயது வரை, ஓர் உத்தியோகத்தர் என்னைப் பார்த்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. இனியொரு தடவை யாராவது கேட்பார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்வியை என் கையிலிருந்து நீ பிடுங்கிக்கொண்டாய். உன் கையிலிருந்து ரொட்டியைப் பிடுங்கித் தின்றவர்கள் உண்டு, உனக்கு நினைவிருக்கும். அதைவிட இது எனக்கு வலிக்கிறது.

இதை நான் உனக்கு மட்டும் எழுதவில்லை. உன் சொற்பொழிவை அச்சுப் போட்ட அதே 'ஆசிரியர் மலர்' பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். உன்னோடு படித்த மாஸ்டர்மார் எல்லாரும் வாசிக்கட்டும். வீட்டு விஷயத்தை வெளியே கொண்டு போகலாமா என்று நீ கேட்பாய். வீட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். கண்டியிலிருந்து வந்த நாள் தொட்டுச் சொல்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ, "அம்மா, ஒங்க கோவம் எனக்குப் புரியுது" என்கிறாய். புரிந்தது என்று சொல்லி என் வாயை அடைக்கிறாயே தவிர, நான் சொன்னது என்ன என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. தைப்பொங்கல் கழிந்தால் பாஸ்போட்டுப் புத்தகம் வந்துவிடும், வந்தபிறகு எதையும் மாற்ற முடியாது என்று நீயே சொன்னாய். கார்த்திகை மழை விட்டுவிட்டது. நான் எங்கே போய்க் கத்துவது?

உன் சொற்பொழிவிலிருந்தே தொடங்குகிறேன். பயிற்சிக் கல்லூரியை முடித்துக்கொண்டு நீ வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டுவிட்டு லயத்து வரிசை வீடுகளின் சனம் முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. வெள்ளை வேட்டியும் கைமுட்டிவரை மடித்த சட்டையுமாக நீ நின்றாய். மனோதத்துவம் என்றாய். மேல்நாட்டில் ஒரு கூட்டத்தார் மனிதனை அவனுக்கே தெரியாத ஆசைகளின் கைதி என்கிறார்கள். இன்னொரு கூட்டத்தார் மணியடித்தால் எச்சில் ஊறுகிற நாயைப் பழக்குவது போல மனிதனையும் பழக்கலாம் என்கிறார்கள் என்றாய். நம் ராமாயி எழுந்து, "இங்க பெரட்டுக்குத் தப்படிச்சா நமக்குக் கண்ணீருல்ல ஊறுது மாஸ்டர்!" என்றாள். விடியற்காலையில் ஆள் கூப்பிட அடிக்கிற அந்தத் தப்புச் சத்தத்தை நினைத்துச் சனம் சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு சொன்னாய், இப்போது மூன்றாவதாக ஒரு வழி வந்திருக்கிறது, அது மனிதனைக் கைதியாகவும் பார்க்கவில்லை, நாயாகவும் பார்க்கவில்லை, வளர்கிறவனாகப் பார்க்கிறது என்று. ஒவ்வொருவருக்குள்ளும் வளரவேண்டும் என்ற உந்துதல் ஒன்று பிறவியிலேயே இருக்கிறது, அதை யாரும் ஊட்டவேண்டியதில்லை, தடுக்காமல் இருந்தால் போதும் என்றாய். "வளர வளரங்கிறீங்களே, நாங்க வளந்தா லயத்துக் கூரை முட்டுமே, தொரை கூரைய ஏத்திக் குடுப்பாரா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அதற்கும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவர் வளர அருகில் இருப்பவர்கள் என்ன செய்யவேண்டும் என்று நீ சொன்னது எனக்கு அப்படியே பாடம். அவர் பேசும்போது நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கேட்கவேண்டும். இப்படி இருந்தால்தான் உன்மேல் பிரியம் என்று நிபந்தனை வைக்கக்கூடாது. உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசக்கூடாது. வளர்ந்த மனிதன் யார் என்றால், தனக்கு எது நல்லது என்பதை அடுத்தவர் முகத்தில் தேடாமல் தனக்குள்ளேயே கேட்டுத் தெரிந்துகொள்கிறவன். உன் கல்லூரி விரிவுரையாளர் சொல்லி நீ கேட்டது என்றாய். நான் பள்ளிக்கூடம் போகாதவள். நீ முதலாம் வகுப்புப் புத்தகத்தைச் சத்தம் போட்டு வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியவள். அப்புறம் கடைச் சரக்குச் சுற்றிவந்த பத்திரிகைத் தாளையெல்லாம் விரித்து வாசித்து வளர்ந்தவள். இருந்தும் அன்றைக்கு நீ சொன்னதில் எனக்கு விளங்காத சொல் ஒன்றும் இல்லை. ஏன் என்றால், நான் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொண்டிருந்ததற்கு நீ ஒரு பெயர் கொண்டுவந்திருந்தாய். உன்னால் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன். கோபத்தில் மறந்துவிட்டேன் என்று யாரும் சொல்லவேண்டாம்.

மலருக்கு வாசகர்களாக வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள் என்பதால் சொல்கிறேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளைக் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற அறைதான் பிள்ளைக் காம்பரா. உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் தொங்கும். கீழே தவழுகிறதும் நடைபழகுகிறதுமாகப் பிள்ளைகள். நான் அங்கே ஆயாவாக இருந்தேன். இப்போது பாக்கியம் இருக்கிறாள். நடைபழகுகிற பிள்ளை விழுந்தால் உடனே அழாது. முதலில் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கும். நான் ஐயோ என்று முகம் காட்டினால் வீரிட்டு அழும். நான் சிரித்தால் அதுவும் சிரித்துவிட்டு எழுந்துவிடும். நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்தால் மட்டும் அது தன் முழங்காலைப் பார்க்கும். வலிக்கிறதா இல்லையா என்று தன்னையே கேட்கும். வலித்தால் அழும், இல்லாவிட்டால் எழும். நீ அப்படி வளர்ந்த பிள்ளை. நீ விழுந்தபோதெல்லாம் நான் அரிசி புடைக்கிற மாதிரி, சுளகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "கல்லு மனசுக்காரி" என்று உன் அப்பாவே சொல்லியிருக்கிறார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும். ஆனால் உன் வலியை நீ என்னைக் கேட்காமல் தெரிந்துகொண்டாய்.

உனக்கு நாலு வயது இருக்கும்போது நடந்ததை நீ மறந்திருப்பாய். தொரையின் பெண்சாதி தொரைசானி ஒருநாள் காம்பராவைப் பார்க்க வந்தாள். கூடவே மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா வந்தார். தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியும்: தொரையோ தொரைசானியோ தொழிலாளியிடம் ஏதாவது கேட்டால் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கண்டாக்கோதான் பதில் சொல்லவேண்டும். கேட்கப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்கவேண்டும். நமக்குக் காய்ச்சலா என்று கேட்டால்கூட, "இல்லைங்க தொரை, நடிக்கிறான்" என்று பக்கத்தில் நிற்பவர்தான் சொல்வார். நம்முடைய வலி எங்கே என்பதை இன்னொருவர் வாய்தான் சொல்லவேண்டும் என்று பழக்கப்பட்ட சனம் நாங்கள். அன்றைக்கு நீ படியில் தடுக்கி விழுந்தாய். அழவில்லை. தொரைசானிக்கு ஆச்சரியம். அரைகுறைத் தமிழில் என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளே அழுகை இல்லே? ஏன்?" என்றாள். கண்டாக்கையா முன்னால் வந்து, "இதுக எல்லாம் அப்படித்தாங்க, தோல் தடிப்பு" என்றார். நீ கீழே உட்கார்ந்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்து, "எங்கம்மாவத்தான கேட்டாங்க? நீங்க ஏன் சொல்றீங்க?" என்றாய்.

தொரைசானி சிரித்துவிட்டாள். கண்டாக்கையா சிரிக்கவில்லை. அன்று மாலை லயத்துக்கு ஆள் வந்தது. "பயலக் கூட்டிக்கிட்டு வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போ, விஷயம் முடிஞ்சிரும்" என்று கங்காணி சொன்னார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான், "புள்ள கேட்டதுல என்ன தப்பு?" என்றேன். "தப்பு சரி எல்லாம் பெரிய எடத்துல பேசுற பேச்சு. வா புள்ள" என்றார் கங்காணி. நான் போகவில்லை. மறுநாள் என்னைக் காம்பராவிலிருந்து எடுத்துவிட்டார்கள். உச்சி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போட்டார்கள். ஆடி மாதக் காற்றும் தூறலும். கால் வைத்தால் வழுக்குகிற சரிவு. வயிற்றில் பாக்கியம். கூடையின் கயிறு நெற்றியை அறுத்த தழும்பு இன்றும் இருக்கிறது, தடவிப் பார்த்துக்கொள்கிறேன். அந்தப் பருவம் முழுவதும் நான் உன்னை ஒரு சொல் கடிந்தேனா? "ஏண்டா வாயத் தொறந்த" என்றேனா? உன் வாய்க்கு நான் விலை கொடுத்தேன் மகனே. அந்த வாயைக் கொண்டுதான் கண்டியில் என் வாயை அடைத்தாய். கண்டாக்கையா நின்ற இடத்தில் போய் நீ நின்றாய். அவர் சொன்ன அதே சொல்லைத்தான் நீயும் சொன்னாய். அவர் தோல் தடிப்பு என்றார், நீ ஒன்றும் தெரியாது என்றாய். இதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் நீ உன் நியாயத்தைச் சொன்னாய். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வளர்ச்சி என்பது படிப்படியானது என்றாய். முதல் படி சோறு, தண்ணீர். அடுத்தது பயமில்லாத இருப்பிடம். அப்புறம் நம்மவர் என்று சொல்ல நாலு பேர். அதற்குமேல் மரியாதை. இவையெல்லாம் கிடைத்தபிறகுதான் ஒருவர் தன்னுடைய முழு உயரத்துக்கு வளரமுடியும். "இங்க நமக்கு ரெண்டாம் படியே இல்லம்மா. ஓட்டு இல்ல, நாடு இல்ல. நாளைக்கு லயத்த விட்டு எறங்குன்னா எறங்கணும். அங்க போனா இந்த மண்ணு ஒன்னோடதுன்னு ஒரு தாளாவது குடுப்பாங்க. பாக்கியம் அங்கதான் வளருவா." நீ பொய் சொல்லவில்லை. நாடு விடுதலை அடைந்த கையோடு எங்கள் ஓட்டைப் பறித்தார்கள். இப்போது இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் அங்கே என்று எங்களைப் பங்கு பிரித்திருக்கிறார்கள். போவதுதான் சரி என்று நீ நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. போவது சரியாகவே இருக்கலாம். என் சண்டை அதைப் பற்றி அல்ல.

ஆனால் அந்தப் படிக்கட்டை நான் அப்படியே ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். காலமான உன் அப்பா எந்தப் படியில் நின்றார்? மாவு ரேஷன் காலத்தில், இரண்டு வேளை வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு, மாசி மாதம் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டினார். ஆசை ஆசையாய் வளர்த்த மீசையை வழித்தார். "ரதியம்மா, ரொட்டி வெந்துருச்சா?" என்று லயத்து ஆம்பிளைகள் கேலி பண்ணினார்கள். "வேகட்டும் மாமா, பசிக்குதுன்னா மாவத் தின்னு" என்று ரதியின் குரலிலேயே திருப்பிக் கொடுத்தார். மன்மதன் எரிந்து விழுந்தபோது அவர் அழுத அழுகையில், கேலி பண்ணின அத்தனை பேரும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் முழு உயரத்துக்கு நின்றார். நான் பார்த்தேன். ரயிலில் இதைச் சொன்னேன். நீ, "அப்பா ஆடுனாரு, சரி. வயிறு நெறஞ்சுச்சா?" என்றாய். "இல்ல. ஆனா அவரு ஆடணும்னு அவருதான் முடிவு பண்ணாரு" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் படிக்கட்டைக் கட்டியவர் பெரிய மனிதராக இருக்கலாம். அதில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் வைத்தால் அவர் வளர்ந்தவர் ஆகிவிடுவாரா என்று அவரிடம் கேட்டுச் சொல்.

என் விஷயம் சின்னது. நான் போகமாட்டேன். நான் இறம்பொடையில் பிறந்தவள். நீ ஊர் என்று சொல்கிற அந்தத் துறையூர்ப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அங்கே என்னைத் தெரிந்த ஒரு கதவு கிடையாது. இங்கே லயத்தைவிட்டு இறங்கச் சொன்னால் இறங்குகிறேன், ரோட்டில் இருக்கிறேன். இது என் பதில். அன்றைக்கு மேசைக்கு முன்னால் சொல்ல வாய் திறந்தது இதற்குத்தான். என்னைப் பற்றி இவ்வளவு போதும். என்னைத் தின்றுகொண்டிருப்பது பாக்கியம்.

உன்னை வளர்த்த மாதிரி நான் அவளை வளர்க்கவில்லை. உச்சி மலையில் பட்டதற்குப் பிறகு எனக்குள் பயம் புகுந்துவிட்டது. பையன் வாய் பேசினால் மலை மாற்றுவார்கள், பெண் பிள்ளை பேசினால் என்ன செய்வார்களோ என்ற பயம். அவள் விழுந்தால் நான் முகம் காட்டினேன். சிரித்தால் முறைத்தேன். அப்படியே அவள் என் முகத்தைப் படிக்கப் பழகினாள், பிறகு உன் முகத்தை, பிறகு எல்லார் முகத்தையும். பசிக்கிறதா என்று கேட்டால்கூடச் சட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். நல்ல பிள்ளை என்று லயமே புகழ்கிறது. அந்தப் புகழ்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கண்டியிலிருந்து வந்த மறுநாள் அவளை அடுப்படியில் உட்காரவைத்துக் கேட்டேன். "ஒனக்கு இந்தியாவுக்குப் போக இஷ்டமா?"

"அண்ணன் சொல்றபடிம்மா."

"அண்ணனக் கேக்கல. ஒன்னக் கேக்குறேன்."

"அப்ப நீங்க சொல்றபடி."

"நான் என்னடி சொல்றது? போறவ நீ, இருக்கிறவ நீ. ஒனக்கு வாயி இல்ல?"

நான் கத்திவிட்டேன். கையில் இருந்த அகப்பையை அடுப்பு மேட்டில் அடித்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே, "என்ன சொன்னா ஒங்களுக்குப் புடிக்கும்னு சொல்லுங்கம்மா, அதச் சொல்லிடுறேன்" என்றாள்.

மகனே, இருபது வயது தாண்டிய பெண். கப்பல் ஏறினால் திரும்பி வர வழி இல்லாத கேள்வி. அதற்கு அவளிடம் இருந்த பதில் இது ஒன்றுதான். தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லாமலே ஒருத்தி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சாமான் மூட்டையாகப் போய்ச் சேரப்போகிறாள். அவளுக்குள் ஒன்றும் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் மூன்றாவது வழிக்காரர் சொன்ன அந்த உந்துதல் அவளிடமும் இருக்கிறது. எனக்குத் தெரியும். போன வாரம் காம்பராவுக்கு ரொட்டி கொண்டுபோனேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே பாக்கியம் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கீச்சுக் குரல் இல்லை, தயக்கம் இல்லை, தொண்டையைத் திறந்து பேசுகிற ஒரு பெண்ணின் குரல். தொட்டிலில் கிடந்தது மூன்று மாதக் குழந்தை. அது முகம் காட்டாது, தீர்ப்புச் சொல்லாது. "எனக்கு என்ன வேணும்னு தெரியுமா கண்ணு ஒனக்கு?" என்றாள். "யாருக்கும் சொன்னதில்ல. எனக்கு..."

நான் நின்றிருந்தால் மீதியைக் கேட்டிருக்கலாம். காலடி வைத்தால் நிறுத்திவிடுவாள். நிற்பதோ திருட்டு. அவள் வாயிலிருந்து எனக்கென்று வராத சொல்லை நான் எடுத்துக்கொண்டால், உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? செருப்பில்லாத காலை மெல்ல மெல்ல எடுத்துவைத்துத் திரும்பி நடந்தேன். ரொட்டி கையிலேயே ஆறிப்போனது. அந்தப் பேச்சின் மறுபாதி இன்றுவரை எனக்குத் தெரியாது. போகவேண்டும் என்றாளோ, இருக்கவேண்டும் என்றாளோ, நாம் இரண்டு பேரும் நினைத்தே பார்க்காத வேறு ஒன்றைச் சொன்னாளோ. தை நெருங்குகிறது.

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நீ முதல் ரயிலுக்குக் கண்டிக்குப் போகவேண்டும். அதே மேசைக்கு முன்னால் நின்று, அன்றைக்குச் சொன்னது என் பதில், என் அம்மாவுடையதும் தங்கையுடையதும் இல்லை என்று சொல்லவேண்டும். வெட்கமாக இருக்கும். மன்னிப்புக் கேட்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டபோது நான் போகவில்லை. நீ போகத்தான் வேண்டும், ஏனென்றால் நான் தப்புச் செய்யவில்லை, நீ செய்தாய். என் பெயரை எடுத்துவிடு. பாக்கியத்தின் பெயரை அவள் சொல்லும்வரை நிறுத்திவைக்கச் சொல்.

அந்த அதிகாரி செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. நல்லவர் என்றேன், நல்லவராக இருந்தால் மட்டும் போதாது. பெண்ணிடம் கேட்கும்போது கூட வந்த ஆம்பிளைகளை வெளியே நிறுத்தவேண்டும். அம்மாக்காரியையும் நிறுத்தவேண்டும். உன் விரிவுரையாளர் அந்தப் படிக்கட்டை அடுத்த வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, ஏறுகிறவருடைய காலை முதலில் கேட்கச் சொல்லிக் கொடுக்கவேண்டும். மாஸ்டர்மாரே, இதை வாசிக்கிற நீங்கள் உங்கள் தோட்டத்தில் யார் யார் போகிறார்கள் என்று பார்த்து, வீட்டுக்கு ஒருவர் எல்லாருக்குமாகப் பதில் சொல்லியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். இதைத் திருத்தாமல் அச்சுப் போடுங்கள். கங்காணிமாருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் கேட்கமாட்டார்கள்.

பிறகு நீ காம்பராவுக்குப் போ, மகனே. பிள்ளைகள் தூங்குகிற மத்தியான நேரம் பார்த்துப் போ. பாக்கியம் தொட்டில் ஆட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதிரே உட்காராதே. உன் முதுகு அவள் பக்கம் இருக்கும்படி தரையில் உட்கார். உன் முகம் அவளுக்குத் தெரியக்கூடாது. கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. புரியுது என்று சொல்லாதே. அவள் பேசாமல் இருந்தால் அதையும் கேட்டுக்கொண்டிரு. நீ கற்ற வித்தைக்கு இதுதான் பரீட்சை. வேறு யாரும் இந்தத் தோட்டத்தில் இதைக் கற்கவில்லை. அதனால்தான் உன்னையே கேட்கிறேன். பாக்கியம் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சொன்னால் சொல்லட்டும், இன்னொரு நாள் என்றால் இன்னொரு நாள்.

நான் அன்றைக்கு விறகு பொறுக்க மேல்மலைக்குப் போய்விடுவேன், என் முகமும் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. அவள் போகிறேன் என்றால் அவள் மூட்டையை நானே கட்டிக் கொடுப்பேன், தலவாக்கலை ஸ்டேஷன்வரை வந்து ஏற்றிவிடுவேன், அழுகை வந்தால் வண்டி திரும்பியபிறகு அழுதுகொள்வேன். இருக்கிறேன் என்றால் நீ அவளை விட்டுவிட்டுப் போகவேண்டும். அவள் என்ன சொன்னாலும் சரி, அதைத் தெரிந்துகொண்டு நீ மலையேறி ஓடிவந்து என்னிடம் சொல்லாதே. அவளே வந்து சொல்லட்டும்.